ஏணி முனியனுக்கு ஒரு ஓட்டு

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் இரண்டு மாதம் நான் திருடனாக இருந்தேன். ஊரறிய, பள்ளிக்கூடத்தின் அனுமதியோடு, கண்மையால் வரைந்த மீசையோடு இருந்தேன். அந்த மீசை வேர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்கும்போதெல்லாம் அம்மா முந்தானையால் துடைத்து மறுபடி வரைவாள். "திருடனா இருந்தாலும் லட்சணமா இருக்கணும்" என்பாள்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகும் வழியில், ஏரிக்குக் கீழே எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் எழுபது பிள்ளைகள், மூன்று டீச்சர். ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டுக்கு ஆடுவோம். அந்த வருடம் புதிதாக வந்த பெரிய டீச்சர், ஆடியது போதும், நாடகம் போடலாம் என்று சொல்லிவிட்டார். நாடகத்தை யார் எழுதுவது? எங்கள் ஊரில் எழுதுகிறவர் என்றால் என் தாய்மாமன் ஒருவர்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவருக்கு வேலை. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், கரண்ட் இணைப்பு, எதுவானாலும் மனு எழுதித் தருவார். மாமா எழுதிய மனுவைப் படித்தால் கல்நெஞ்சுக்காரனுக்கும் மூக்கு உறிஞ்சத் தோன்றும் என்று ஊரில் பேச்சு. மனு வந்தால் நாடகமும் வரும் என்று பெரிய டீச்சர் முடிவு கட்டிவிட்டார்.

மாமாவுக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். கல்யாணமாகவில்லை. தனியாக ஒரு வீட்டில் இருந்தாலும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வாய் ஓயாமல் பேசுவார். எதைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பார். பத்தே நாளில், ஜெராக்ஸ் சரியாக விழாத தாள்களின் பின்பக்கத்தில் நாடகத்தை எழுதி முடித்தார். என் வசனங்களை மனப்பாடம் செய்யும்போது தாளைத் திருப்பினால் யாருடைய ரேஷன் கார்டோ மங்கலாகத் தெரியும்.

கதை இதுதான். மழை பொய்த்த ஒரு ஊர். வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பண்ணையாரின் களஞ்சியத்தில் மட்டும் நெல் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. முனியன் என்ற திருடன் ஒரு மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். மேல் ஜன்னல் வழியாக இறங்கி நெல்லை அள்ளி, பசித்த வீடுகளின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். வைக்கும்போதெல்லாம் தனக்கென்று ஒரு படி எடுத்துக்கொள்வான். அதற்கு அவன் வைத்த பெயர் ஏணித் தேய்மானம். பண்ணையார், காவல்காரன் காளிதான் நெல்லைக் கடத்துகிறான் என்று சந்தேகப்பட்டு அவனைப் புளியமரத்தில் கட்டிவைக்கிறார். முனியன் அதே மரத்தின் கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வாய் திறக்கவில்லை. காளி சிறைக்குப் போகிறான். கடைசியில் தங்கவேலு என்ற நேர்மையான போலீஸ்காரர் முனியனை ஏணியும் கையுமாகப் பிடிக்கிறார். ஊர் ஜனங்கள் அவர் காலில் விழுந்து, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். போலீஸ்காரர் விசிலை வாயில் வைக்கிறார். அத்தோடு திரை.

ஊதினாரா, ஊதவில்லையா? மாமா எழுதவில்லை. கேட்டால், "காயிதம் தீந்துபோச்சி" என்பார்.

ஏணி முனியன் வேஷம் எனக்கு வந்தது. மரம் ஏறத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று பெரிய டீச்சர் கேட்டபோது இரண்டு கையையும் தூக்கியவள் நான் ஒருத்திதான். போலீஸ்காரர் தங்கவேலு என் அத்தை மகன். அவனிடம் காக்கி நிஜார் இருந்தது. காவல்காரன் காளியாக என் வகுப்பிலேயே உருண்டையான ஒரு பையன். முதல் பாதி முழுக்கத் தூங்க வேண்டும், பிறகு கட்டிவைத்ததும் "நான் எடுக்கல சாமி" என்று அழ வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு. தூங்குகிற பகுதியை அவன் ஒத்திகையிலேயே மிகவும் உண்மையாகச் செய்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உரக்கடைக்காரர் ஒருவர், பாராட்டும் நோக்கத்தில், ஒரு கோப்பையை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கை உயரம், வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் காது மாதிரி பிடி. அதன் அடியில் 'சிறந்த கதாநாயகன்' என்று எழுதியிருந்தது. பெரிய டீச்சர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, கதாநாயகனுக்கு ஆண்டு விழாவில் தரப்படும் என்று அறிவித்தார்.

அந்த நிமிஷத்தில் என் அத்தை மகனும் நானும் ஒரே சமயத்தில் கோப்பையைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. அன்று சாயங்காலமே வந்துவிட்டாள்.

"அண்ணி, உன் தம்பிய கொஞ்சம் கேட்டு சொல்லு. கதாநாயகன் யாரு? என் பையன்தான? போலீஸ்காரன் தான எப்பவும் ஹீரோ?"

அம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"உன் பையன் கடசி சீன்ல தான வர்றான். என் பொண்ணு மொத சீன்லேர்ந்து ஏணிய தூக்கிகினு நிக்கிறா."

"தூக்கிகினு நின்னா? திருடுறாளே!"

"யாருக்கு திருடுறா? பசிச்சவனுக்கு சோறு போடறா. உன் பையன் இன்னா பண்றான்? விசிலு வெச்சிகினு நிக்கிறான். சோறு போட்டவன் ஹீரோவா, விசிலு வெச்சிகினு கீறவன் ஹீரோவா?"

"திருடன ஹீரோன்னா நாளைக்கி புள்ளைங்க இன்னா கத்துக்கும்?"

"பசிச்சவனுக்கு குடுக்கக் கத்துக்கும்."

அம்மாவும் அத்தையும் அதுவரை சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அத்தை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வரவில்லை. அவள் மகன் காலையிலும் மாலையிலும் எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் விசில் ஊதினான்.

சங்கதி ஊருக்குள் பரவ இரண்டு நாள் போதுமாயிருந்தது. டீக்கடையில், ரேஷன் வரிசையில், கடலை பிடுங்குகிற கொல்லையில், எங்கேயும் அதே பேச்சு. ஏணி முனியன் ஹீரோவா இல்லையா? இல்லாத ஒரு ஆளுக்காக இருக்கிற ஆட்கள் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் முனியன் கட்சி. பால் சொசைட்டிக்காரர் போலீஸ் கட்சி. ஆட்டோக்காரர் சொன்னார்: "ஏம்பா, அவன் சும்மாவா தூக்கினான், ஊருக்கே குடுத்தான்பா!" பால்காரர் விடவில்லை: "குடுத்தான் சரி. ஒரு படி அவன் எடுத்துகினானே, அதுக்கு இன்னா சொல்ற? தேய்மானமாம் தேய்மானம். ஏணி இன்னா டயரா, தேயறதுக்கு?"

ஆடு வளர்க்கிற ஒரு அம்மா, போன மாதம்தான் அவள் கிடா திருட்டுப் போயிருந்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தாள். "அடுத்தவன் வூட்டு நெல்லுன்னா ஹீரோன்னுவீங்கோ. உன் வூட்டு நெல்லுன்னா தெரியும் சேதி." ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மாமாவை வழிமறித்துக் கேட்காத ஆள் கிடையாது. எழுதியவரே சொல்லிவிட்டால் முடிந்துபோகுமே. ஆனால் மாமா சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். "எழுதுறது என் வேல. ஹீரோ யாருன்னு பாக்கறது உங்க வேல" என்பார். எனக்கு அதில் பெருங்கோபம். சொந்த அக்கா மகளுக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அப்பா மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. அவர் வாடகை டிராக்டர் ஓட்டினார். உழவு நேரத்தில் புழுதியோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஒருநாள் நான் வீட்டில் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும், சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். மாமாவும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா கீது" என்றார் அப்பா. "அந்த காவக்காரன அப்பறம் வுட்டாங்களா?"

மாமா என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "அது கதைக்கு வேணாம் மாமா" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"சரிதான்" என்று அப்பா மோர் ஊற்றிக்கொண்டார்.

இதற்குள் திருடன் என் உடம்புக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தான். அம்மா ஒரு டப்பா நிறைய வேர்க்கடலை உருண்டை பிடித்துப் பரண்மேல் வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம், அம்மா கொல்லைக்குப் போயிருந்தபோது, ஏணி போட்டு ஏறினேன். பதினோரு உருண்டை எடுத்தேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒன்பதைக் கொடுத்தேன். இரண்டை ஏணித் தேய்மானமாக நானே தின்றேன். அந்தப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று குதித்தார்கள். என் ஆயுளில் அவ்வளவு பெரிய ஆளாக நான் அதுவரை இருந்ததில்லை.

சாயங்காலம் அம்மா டப்பாவைத் திறந்தாள். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் எது காணாமல் போனாலும் அவன்தான் என்பது தீர்மானமான விஷயம். அதிலும் அன்று அவன் உதட்டில் வெல்லம் ஒட்டியிருந்தது, தெருவில் நான் கொடுத்த உருண்டையின் வெல்லம். அம்மா கரண்டிக் காம்பால் அவன் முழங்காலில் இரண்டு வைத்தாள். "நான் எடுக்கல, நான் எடுக்கல" என்று அவன் அலறினான். கொடுத்தது யார் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் இனிமேல் தரமாட்டேன் என்று மதியமே அவனை மிரட்டி வைத்திருந்தேன். நான் பரணுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி இருந்தேன்.

மறுநாள் இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். முனியன் எப்படி நடந்துகொண்டானோ அப்படியே நடந்துகொண்டேன் என்று அவர் என்னைப் பாராட்டுவார் என்பது என் எண்ணம். பரணில் ஏறியது வரைக்கும் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேய்மானத்துக்கும் சிரித்தார். தம்பி அடி வாங்கிய இடம் வந்ததும் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"எவ்ளோ நேரம் அழுதான்?" என்று கேட்டார்.

"தூங்குற வரைக்கும்."

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. மரத்து மேல முனியன் சும்மாதான குந்திகினு இருந்தான்?"

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது.

இரண்டு நாள் கழித்து அவர் புதிதாக நான்கு பக்கம் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதில் முனியன் மரத்திலிருந்து இறங்கி, நான்தான் எடுத்தேன், காளியை விடுங்கள் என்று சொல்கிறானாம். பெரிய டீச்சர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விழாவுக்கு மூன்றே நாள் இருக்கிறது, பிள்ளைகள் மனப்பாடம் செய்த கதையை இப்போது மாற்ற முடியாது என்றார். மாமா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஊருக்கெல்லாம் மனு எழுதி ஜெயித்துக் கொடுத்தவருக்குச் சொந்த மனு செல்லவில்லை. தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மரத்திலிருந்து இறங்குவதென்றால் அழ வேண்டியிருக்கும். எனக்கு அழ வராது.

ஆனால் நாடகம் நடக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. கோப்பை என் மகனுக்கு என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவேன் என்று சொல்லி அத்தை போலீஸ்காரரை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள். போலீஸ் இல்லாமல் திருடனை யார் பிடிப்பது? அப்போதுதான் பெரிய டீச்சருக்கு யோசனை தோன்றியது. ஓட்டுப் போட்டுவிடலாம். அதுவும் குடவோலை.

எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் குடவோலையிலிருந்து தப்ப முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வரிசையாக நடத்திக்கொண்டுபோய் உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதையை டீச்சர் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். பிறகு ஐஸ் வாங்கித் தின்போம்.

பெற்றோர்களையும் மாமாவையும் கூப்பிட்டு வைத்து டீச்சர் விளக்கினார். நாடகம் பார்க்கும் பெரியவர்கள் எல்லாரும் கதாநாயகன் பெயரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒரே ஒரு சீட்டை எடுக்கும். அதில் யார் பெயரோ அவருக்குக் கோப்பை. எண்ணிப் பார்த்தால், யாருக்குச் சொந்தக்காரர்கள் அதிகமோ அவர்கள்தான் ஜெயிப்பார்கள், அது வேண்டாம் என்றார்.

அத்தை விட்டுவிடுவாளா? அவளும் அதே மண்டபத்துக்கு நடந்துபோய் வந்தவள்தான். "டீச்சர், அந்தக் கல்லுலயே எழுதிகீதே, அடுத்தவன் பொருள திருடுனவன் பேர குடத்துல போடவே கூடாதுன்னு. அப்ப முனியன் எப்டி நிப்பான்?" என்றாள்.

கூட்டம் டீச்சரைப் பார்த்தது. அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அதே கல்லுல இன்னொண்ணும் கீது. தப்பு பண்ணவனோட சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னு. மாமன் மக திருடின்னா அத்த மகனும் அவுட்டு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்வெட்டு இந்த மாதிரிச் சமயத்துக்கு ஆகாது, யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். போலீஸ்காரர் மறுநாள் ஒத்திகைக்கு வந்தார்.

ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. ஊரே வந்திருந்தது. நான் ஏணியோடு நுழைந்ததும் ஆட்டோக்காரர் விசிலடித்தார், போலீஸ் கட்சி ஊளையிட்டது. முதல் காட்சியிலேயே ஏணி முனை பட்டுப் பண்ணையாரின் தலைப்பாகை கழன்று விழுந்தது. பண்ணையார் அதை எடுத்துக் கட்டும்வரை நான் நெல் அள்ளுவதை நிறுத்திவைத்தேன். காளியைக் கட்டிவைக்கும் நேரம் வந்தபோது அவன் நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தான். பண்ணையாரும் ஆட்களும் அவனைத் தூங்கத் தூங்கவே தூக்கிக் கம்பத்தில் கட்டினார்கள். கயிறு இறுகியதும் விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டுபோய், "நான் எடுக்கல சாமி, நான் எடுக்கல!" என்று கத்தினான். நடிப்பில்லாத அழுகை அது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியானது. நான் ஸ்டூல்மேல் நின்று, மரக்கிளை என்று எங்களுக்குள் வைத்துக்கொண்ட இடத்திலிருந்து, கீழே பார்த்தேன். முதல் வரிசையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் காளியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் காட்சியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. "ஊது, ஊது!" "ஊதாத நைனா, வுட்டுடு!" என் அத்தை மகன், மாமா எழுதாமல் விட்டதைத் தானே எழுதிவிடும் துணிச்சலில், கன்னம் புடைக்க ஊதினான். சத்தமே வரவில்லை. அன்று மத்தியானம் கடலை தின்ற வாயோடு ஊதிப் பழகியதில் விசிலுக்குள் தோல் போய் அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஊதினான். புஸ்ஸென்று காற்று வந்தது. திரையை இழுத்துவிட்டார்கள்.

பிறகு ஓட்டு. பெரிய டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் குடம் கொண்டுவந்து மேடையில் வைத்தார். ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்க வரும் என்றாலும் பேனா பிடிப்பதென்றால் கூச்சம். மேடைக்குப் பின்னால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"நீயே எழுதும்மா. ஏணி முனியன்."

எனக்கு வந்த பூரிப்பில் எழுத்து கோணிப்போயிற்று. அப்பா சீட்டை நான்காக மடித்து, வரிசையில் நின்று, குடத்தில் போட்டார். தம்பியும் அடம்பிடித்து ஒரு சீட்டு வாங்கி, டீச்சரையே எழுதச் சொல்லிப் போட்டான். போலீஸ்காரருக்குத்தான் போட்டானாம். நான் காரணம் கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையைத் தூக்கி நிறுத்தினார்கள். அது தோள்வரை கையைவிட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தது. டீச்சர் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"காவக்காரன் காளி" என்று படித்தார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கிளம்பி, அது பெரிதாகி, ஊரே தட்டியது. முனியன் கட்சியும் தட்டியது, போலீஸ் கட்சியும் தட்டியது. எதிராளிக்குக் கிடைக்கவில்லை என்பதில் இரண்டு கட்சிக்கும் சம திருப்தி. காளி, பெஞ்சுக்கு அடியில் மறுபடி படுத்திருந்தவன், எழுந்து வந்து கோப்பையை இரண்டு காதிலும் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் எடுக்கல" என்று முணுமுணுத்தான். பழக்கதோஷம். அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். மறுநாள் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் குழாய்க்கு வந்துவிட்டாள்.

எனக்கு மட்டும்தான் அழுகை. அவ்வளவு கத்திச் சண்டை போட்ட ஊரில் யார் போய்க் காளி பெயரை எழுதியிருப்பார்கள்? பல வருடம் அது எனக்கு ஆறவே இல்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் இந்த நாடகம் வந்தது. "நானும் காளின்னுதான் எழுதினேன். உங்க மாமனும் அதான் எழுதினானாம். வந்தது யாரோட சீட்டுன்னு தெரியாது" என்றாள் அம்மா, சாதாரணமாக.

நான் மடித்த புடவையைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதுதான் அம்மா சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஒரு அரிசி மில்லில் காவல்காரராக இருந்தாராம். ஒருநாள் மில்லிலிருந்து ஒரு மூட்டை அரிசி காணாமல் போயிற்று. அப்பாதான் என்று சொல்லி, மில் வாசலில் எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, கேட்கக்கூடாததெல்லாம் கேட்டு, வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூட்டையை எடுத்தது மாமா. அப்போது அவருக்குப் பதினாறு வயது. தாத்தா படுத்த படுக்கையில் இருந்த வருடம், வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று மில் வாசலில் கூடிய கூட்டத்தில் மாமாவும் நின்றிருக்கிறார். வாய் திறக்கவில்லை.

"அந்த சோத்த நானுந்தான தின்னேன்" என்றாள் அம்மா. "அப்பறம் அவருக்கு யாரும் பொண்ணு குடுக்கல. மூட்ட தூக்குனவன்னு பேரு. நான்தான் அவரதான் கட்டிப்பேன்னு நின்னேன். கட்டிகினு வந்து ஒரு மாசம் கழிச்சி, எங்க தம்பிதான் எடுத்தான்னு அவர்கிட்ட சொல்லலாம்னு வாயத் தொறந்தா, 'தெரியும்'ன்றாரு. அவன் தூக்கிகினு போறப்ப சொவத்து ஓரமா நின்னு பாத்துகினுதான் இருந்தாராம். மூட்டைய தலைக்கு ஏத்த முடியாம பையன் தடுமாறினானாம். போய் ஒரு கை குடுக்கலாமான்னு கூட தோணுச்சாம்."

"இது மாமாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவரும் சொல்லல."

அம்மா அடுத்த துணியை எடுத்தாள். நான் அந்த ஆண்டு விழா நாளின் சாப்பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அன்று விழா முடிந்து வந்து எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். அம்மா கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கோப்பை போன துக்கத்தில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாமா வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அவராகவே தலையைத் தூக்கி அப்பாவைக் கேட்டார்.

"மாமா, நீ யாருக்குப் போட்ட?"

"முனியனுக்குத்தான். வேற யாருக்கு போடுவேன்?"

"அவன் திருடன் மாமா. காளிய மாட்டிவுட்டு மேல குந்திகினு பாத்தவன்."

அப்பா குழம்புச் சட்டியை இழுத்து, கரண்டியால் அடியிலிருந்து ஒரு துண்டு கருவாட்டைத் தேடி எடுத்து, மாமாவின் தட்டில் வைத்தார்.

"சின்னப் பையன்டா அவன். பசி. அந்தக் காவக்காரன் தூங்கல, தெரியுமா? கண்ண மூடிகினு இருந்தான், அவ்ளோதான். நீ எழுதல. எனக்குத் தோணுச்சி. சாப்புடு."

மாமா தட்டின்மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. காதுமடல் சிவந்துபோயிருந்தது. மூக்கிலிருந்து ஒழுகியது. அம்மா பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா குழம்பில் மிளகாயை அள்ளிக் கொட்டிவிட்டாள் என்று நினைத்து, நான்தான் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன்.